முடியம்மாவுக்குத் தள்ளிப்போன ஒன்பது நாள்

வாடிக்கைக்காரியின் தலையை இரண்டு முழங்கால்களுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு, பல்லிடுக்கில் மூன்று கிளிப்புகளைக் கவ்வியபடியே கபுலா பேசுவாள். பேச்சு பெரும்பாலும் தன்னைப் பற்றித்தான், அதுவும் கேலியாகத்தான். "ஊருக்கெல்லாம் சடை பின்னினவளுக்கு ஒரு வருஷம் முழுக்க மொட்டை மண்டை. வர்றவங்க என்னைப் பார்த்துட்டு, இவகிட்ட தலையைக் குடுத்தா திரும்பி வருமான்னு யோசிச்சாங்க." கிளிப்பு கீழே விழாமல் சிரிக்க அவளுக்குத் தெரியும்.

ஏரிக்கரை நகரமான முவான்சாவில், மீன் சந்தைக்குப் பின்னால், தகரக் கூரை போட்ட ஒற்றை அறைதான் கடை. ஒரு கண்ணாடி, இரண்டு முக்காலி, ஏரிக்காற்றுக்கு ஆடும் கதவு. அந்தப் பக்கத்தில் கல்யாணமான பெண்ணை வெறும் பேர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள். மூத்த பிள்ளையின் பேரைச் சொல்லி, அதற்கு அம்மா என்பார்கள். கபுலாவுக்கு முப்பத்துநாலு வயது, பிள்ளை இல்லை. தெரு கொஞ்ச நாள் தடுமாறிப் பார்த்துவிட்டு 'முடியம்மா' என்று வைத்தது. தலையில் ஒரு முடிகூட இல்லாத வருஷத்திலும் அதே பேர்தான். "நான் பேரை மாத்தச் சொல்லி மனுவா குடுத்தேன்? நீங்க வெச்சது, நீங்களே பட்டுக்குங்க."

மூன்று வருஷத்துக்கு முன் இடது மார்பில் கட்டி. மார்பை எடுத்துவிட்டார்கள், அப்புறம் மாதக்கணக்கில் மருந்து ஏற்றினார்கள். இப்போது உள்ளாடையின் இடது பக்கத்தில், சடைக்கு வாங்கி மிஞ்சும் செயற்கை முடியைப் பந்தாகச் சுருட்டி வைத்திருக்கிறாள். அதற்குள்ளேயே கைபேசி, பல் உடைந்த சீப்பு, ரப்பர் வளையங்கள். "வாடகை இல்லாத இடம், சும்மா விடலாமா?" ஒருநாள் கல்யாணப் பெண்ணுக்குப் பழுப்பு முடி ஒரு கொத்துக் குறைந்தபோது, கையை உள்ளே விட்டு உருவிப் பின்னி முடித்தாள். அன்று சாயங்காலம்வரை ஒரு பக்கம் சாய்ந்தே நடந்தாள்.

மருந்து ஏற்றிய காலத்தில் வாயெல்லாம் இரும்பு ருசி. எதைத் தின்றாலும் வெளியே வந்துவிடும். தங்கியது ஒன்றே ஒன்று: சந்தையில் பிள்ளைத்தாய்ச்சிகளுக்கென்று விற்கிற மண்கட்டி. தலையில் துணி, ஓயாத வாந்தி, கையில் மண்கட்டி. இதைப் பார்த்த நாத்தனார் மின்ஸா, காய்ந்த பொடிமீன் விற்கிறவள், அண்ணி உண்டாகியிருக்கிறாள் என்று மறுநாளே சந்தை முழுக்கச் சொல்லிவிட்டாள். கஞ்சி மாவு வந்தது. பிள்ளையை முதுகில் கட்டிக்கொள்ள இரண்டு பூப்போட்ட துணிகள் வந்தன. கபுலா மறுக்கவில்லை. புற்றுநோய் என்று வாயைத் திறந்து சொல்வதைவிட அது லேசாக இருந்தது. "அஞ்சு மாசம் கர்ப்பமா இருந்தேன். பெத்தது ஒரு தழும்பு. அதுவும் என்னை மாதிரியே கோணல்." துணிகளைத் துவைத்து மடித்து, கொடுத்தவர்கள் வீட்டுக்கு அவளே கொண்டுபோனாள். கஞ்சி மாவைத் திருப்பவில்லை, குடித்திருந்தாள்.

அதற்கப்புறம் நோய் திரும்பாமலிருக்கத் தினம் ஒரு மாத்திரை, வருஷக்கணக்கில். பிள்ளை வேண்டுமென்றால் நடுவில் நிறுத்திப் பார்க்கலாம் என்று டாக்டரம்மா போன மழைக்காலத்தில் சொன்னார். நிறுத்தி, மருந்து உடம்பை விட்டுப் போக மூன்று மாதம் பொறுத்து, அப்புறம் முயற்சி. பிறந்த பின் மறுபடி மாத்திரை. உண்டாகும் என்று அவர் சத்தியம் செய்யவில்லை. நோய் திரும்பாது என்றும் செய்யவில்லை. "மாத்திரைக்கு லீவு, கர்ப்பப்பைக்கு டூட்டி போட்டிருக்காங்க" என்று கபுலா புருஷனிடம் சொன்னாள். படகு எஞ்சின் பழுது பார்க்கிற லுஹெண்டே அன்றிலிருந்து நாள்காட்டியைப் பார்த்து ஜாடையாக இருமப் பழகிக்கொண்டான்.

நிறுத்தி ஆறு மாதம் ஆகிறது. இன்றைக்கு ஒன்பது நாள் தள்ளிப்போயிருக்கிறது.

அவளுக்கு மட்டும்தான் தெரியும். அன்று ஏற்றிய மருந்துகளே சில பெண்களுக்கு மாதவிலக்கை ஒரேயடியாக முடித்துவிடும் என்பதும் தெரியும். பரிசோதனை அட்டை நான்கு நாளாகப் பிரிக்காமல் உள்ளாடையின் இடது பக்க அலமாரியில்தான் இருக்கிறது. ஒரு கோடு வந்தால் கடை சாத்தியாயிற்று. இரண்டு கோடு வந்தால், மாத்திரை இல்லாமல் இன்னும் ஒன்பது மாதம். எந்தக் கோட்டுக்கு அதிகமாகப் பயப்படுகிறாள் என்று அவளுக்கே தெளிவில்லை. "ஒரு மாரு போனப்பகூட இவ்வளவு நடுங்கல. ஒரு காகிதத்துண்டுக்கு நடுங்கறேன் பாரு" என்று கண்ணாடியிடம் சொல்லிக்கொண்டாள்.

மத்தியானம் மின்ஸா மீன்கூடையோடு நிழலுக்கு வந்து உட்கார்ந்தாள்.

"என்ன அண்ணி, முகம் ஒரு தினுசா இருக்கு? சாப்பிட்டீங்களா?"

"ஆச்சு."

"என்ன சாப்பிட்டீங்க?"

"உங்க அண்ணன் மூளையை. கொஞ்சம்தான் இருந்துச்சு, சீக்கிரம் முடிஞ்சிருச்சு."

மின்ஸா சிரிக்கவில்லை. "இல்ல அண்ணி... ஏதாவது விசேஷமா?"

"விசேஷம்னா உன்கிட்டச் சொல்லாம இருப்பேனா? ஏரிக்கு அந்தக் கரை வரைக்கும் சேதி போகணுமே!"

"எத்தனை வருஷத்துக்கு இதையே சொல்லிக் காட்டுவீங்க? சந்தோசத்துல வாய் தவறிருச்சு."

"உன் வாய் எப்படித் தவறும்டி? குறி பார்த்து அடிக்கிற வாய்."

அப்போது பள்ளிக்கூடத்து டீச்சர் ஒருத்தி வந்து முக்காலியில் உட்கார்ந்தாள். சனிக்கிழமை தம்பிக்குக் கல்யாணம். முடியை நேராக்க வேண்டும். களிம்பு டப்பாவையும் அவளே வாங்கி வந்திருந்தாள். மூடியைத் திறந்ததும் காரமான நெடி அறை முழுக்க ஏறியது. பன்னிரண்டு வருஷமாகக் கபுலா இந்தக் களிம்பில் கை வைக்கிறாள், உறைகூடப் போடாமல். பிள்ளை உண்டானவர்களை மட்டும் கிட்டே விட மாட்டாள். எத்தனையோ பேரை, பெற்றுவிட்டு வா என்று வாசலிலிருந்தே திருப்பி அனுப்பியிருக்கிறாள்.

"இன்னைக்குப் பின்னல் மட்டும்தான் டீச்சர்."

"ஏன் முடியம்மா? நீங்க என்கிட்ட எதுக்குமே மாட்டேன்னு சொல்ல மாட்டீங்களே!"

"கைக்கு வயசாயிருச்சு."

மின்ஸா வாயைத் திறந்தாள். கபுலா திரும்பி ஒரு பார்வை பார்த்தாள். மின்ஸா குனிந்து கூடையில் மீனைப் புரட்ட ஆரம்பித்தாள்.

கபுலா மூடியை இறுக்கித் திருகினாள். டப்பாவை இரண்டு விரலால் தூக்கி, கையை முழுக்க நீட்டி, உடம்புக்கு எட்டப் பிடித்துக்கொண்டு, மூச்சை அடக்கியபடி வாசலைத் தாண்டி நடந்தாள். தெருவுக்கு எதிர்ப்பக்கம், வெயிலில் கிடந்த ஒரு கல்லின் மேல் வைத்த பிறகுதான் மூச்சை விட்டாள்.