கோட்டைக்காரம்மாவின் மூன்று பூட்டுகள்

எங்கள் பகுதிப் பிள்ளைகளுக்கு அம்மாவின் பெயர் தெரியாது. கோட்டைக்காரம்மா என்றால்தான் தெரியும். காற்றடித்தால் எழுந்து நிற்கும் கோட்டை ஒன்று அம்மாவிடம் இருந்தது. பிறந்தநாள் வீடுகளுக்குக் கொண்டுபோய் விரித்து மோட்டாரைப் போட்டால் நான்கு கோபுரங்களும் தூங்கி எழுவதுபோல் மெல்லத் தலை தூக்கும். பிள்ளைகள் உள்ளே ஏறிக் குதிக்கும். அம்மா வெளியே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து செருப்புகளுக்குக் காவல் இருப்பாள்.

போன மாதம் அம்மா இறந்துவிட்டாள். அவளைப் பற்றி எழுத உட்கார்ந்தால் எனக்கு முதலில் பூட்டுதான் வருகிறது.

அம்மா முன்பு தார்ப்பாய் தைக்கும் கம்பெனியில் இருந்தாள். யாரோ கிழிந்த கோட்டையைத் தைக்கக் கொடுத்துவிட்டுத் திரும்பி வரவே இல்லை. கம்பெனியை மூடியபோது, "சம்பளத்துக்குப் பதிலா இத எடுத்துக்கறேன்" என்று அம்மா அதை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டாள். கூடம் முழுக்க அதைப் பரப்பிப் போட்டுத் தைத்தாள். அத்தனை நாளும் நாங்கள் சமையலறையில் உட்கார்ந்துதான் சாப்பிட்டோம். தைத்து முடித்த பிறகும் ஒரு கோபுரம் சாய்ந்தே நின்றது. பிள்ளைகளுக்கு அதுதான் பிடித்தது.

கோட்டை, மோட்டார், கயிறு, தரையில் அடிக்கும் முளைகள் எல்லாம் சேர்ந்தால் நல்ல கனம். பழைய இரும்புக் கடையிலிருந்து ஒற்றை அச்சு ட்ரெய்லர் ஒன்றை அப்பா பிடித்து வந்தார். தரைத் தகடு மாற்றி, மஞ்சள் பெயிண்ட் அடித்தார். எங்கள் பழைய கார் அதை இழுத்தது. ட்ரெய்லர் கேட்டைவிடக் கொஞ்சம் அகலம் என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது. அதனால் அது சுவருக்கு வெளியே, தெருவைப் பார்த்தபடி நின்றது. பல வருஷம் ஒரு பூட்டும் இல்லாமலே நின்றது.

அடுத்த தெரு டைல்ஸ்காரரின் ட்ரெய்லர் காணாமல் போனதும்தான் கவலை வந்தது. பட்டப்பகல். வேலை நடந்த வீட்டுக்குள் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறார்.

"சாப்ட்டு கை கழுவ வெளிய வந்தேன்க்கா. காரு நிக்குது. பின்னாடி வண்டியக் காணோம். கட்டிங் மெஷின், மட்டப்பலகை எல்லாம் அதோட போச்சு."

"சத்தம் கேக்கலையா?"

"அப்பளம் சாப்ட்டுட்டு இருந்தேன்க்கா."

அம்மா சிரிக்கவில்லை. அன்று மாலை ட்ரெய்லரைச் சுற்றிச் சுற்றி வந்தாள். அப்பா ஒரு கிடங்கில் வாட்ச்மேன். அவரிடம் கேட்டாள்.

"ஊரான் சொத்தக் காவல் காக்கறீங்க. நம்ம வண்டிய யாருங்க காக்கறது?"

"நான் வீட்டுல இருந்தா ஒருத்தன் தொட முடியாது."

"நீங்க வீட்டுல இருந்தா குறட்டைதான் கேக்கும். அதக் கேட்டுத் திருடன் தைரியமா வருவான்."

வேடிக்கையாகச் சொன்னாலும் அவளுக்கு உள்ளூர உதறல். அந்த வண்டி திருட்டுப் போனால் கோட்டை எந்த வீட்டுக்கும் போகாது. கோட்டை போகாவிட்டால் அம்மாவுக்குத் தொழில் இல்லை. மறுபடி யாரிடமோ போய்த் தையல் மெஷின் முன்னால் உட்கார வேண்டும். "நாலு சுவத்துக்குள்ள இனிமே நான் இருக்க மாட்டேன்" என்று சொல்லிக்கொண்டே இருப்பாள்.

நான் பொருட்களின் வலிமையைச் சோதிக்கும் ஆய்வகத்தில் வேலை செய்கிறேன். இழுத்தும் நசுக்கியும் உடைத்தும் பார்ப்பது எங்கள் வேலை. அம்மா என்னைப் பூட்டுக் கடைக்கு அழைத்துப் போனாள். கடைக்காரர் கனமான பூட்டு ஒன்றை மேசைமேல் டங்கென்று வைத்தார்.

"இதப் பாருங்கம்மா. யானை கட்டி இழுத்தாலும் வராது."

"யானை திருட வராதுப்பா. மனுஷனுக்கு எது இருக்கு?"

கடைக்காரர் மூன்று வகை காட்டினார். முதலாவது சாதாரணத் தொங்கு பூட்டு. காரின் பின்னால் உள்ள உருண்டையைக் கவ்விப் பிடிக்க ட்ரெய்லருக்கு ஓர் இரும்பு வாய் உண்டு. அதை கப்ளர் என்பார்கள். கப்ளரின் பிடியில் இந்தப் பூட்டை மாட்டலாம். இரண்டாவது, அந்த வாய்க்குள்ளேயே ஒரு குண்டைத் திணித்து அடைத்துவிடும் பூட்டு. மூன்றாவது, சக்கரத்தை இரண்டு பக்கமும் பிடிக்கும் மஞ்சள் கிடுக்கி.

"எதுடி நல்லது? நீ படிச்சவதானே, சொல்லு" என்று அம்மா என்னைக் கேட்டாள்.

"எந்தப் பூட்டும் திருடனத் தடுக்காதும்மா. அவனுக்கு ஆகற நேரத்தக் கூட்டும், அவ்வளவுதான். நேரம் ஆச்சுன்னா வேற வண்டியப் பாத்துட்டுப் போயிடுவான்."

அம்மா கொஞ்சம் யோசித்தாள். பிறகு கடைக்காரரிடம், "மூணையும் குடுங்க. ஞாயித்துக்கிழமை எங்க வீட்டுல திருட்டு வச்சிருக்கேன். எது தாக்குப்பிடிக்குதோ அதுக்குக் காசு தர்றேன்" என்றாள்.

"உடைஞ்சிடுச்சுன்னா?"

"உடைஞ்சா யானை பொய்."

கடைக்காரருக்குத் தன் சரக்கின்மேல் நம்பிக்கை அதிகம். கொடுத்துவிட்டார். ஞாயிறு மதியம் அவரே வேடிக்கை பார்க்கவும் வந்தார்.

தெருவே வந்திருந்தது. அம்மா ஸ்டூல்மேல் ஏறி விதிகளைச் சொன்னாள். கையில் தூக்கி வரக்கூடிய சாமான்தான்; இழுக்க ஒரு வண்டி வைத்துக்கொள்ளலாம். ட்ரெய்லரை அடுத்த வீட்டு வாசல்வரை நகர்த்தினால் போதும். பரிசு, நினைத்த நாளில் ஒருநாள் கோட்டை இலவசம்.

"இரும்பு அறுக்கற கிரைண்டர் போடலாமாக்கா?" என்றார் டைல்ஸ்காரர்.

அப்பா உடனே குறுக்கிட்டார். "அது கூடாது. கிரைண்டர் சத்தம் நாலு தெருவுக்குக் கேக்கும். சனம் கூடிடும். எந்தத் திருடனும் அந்த வேலை பாக்க மாட்டான். அனுபவத்துல சொல்றேன்."

"யாரு அனுபவம்? உங்களுதா, திருடனுதா?" என்றாள் அம்மா. அப்பா சிரிப்பை அடக்க முடியாமல் திண்டாடினார்.

தொங்கு பூட்டை டைல்ஸ்காரர் சுத்தியலால் தட்டினார். முதல் அடியில் நெளிந்தது. இரண்டாவது அடியில் வாயைப் பிளந்தது. கடைக்காரர் அதைப் பொறுக்கிப் பார்த்து, "பழைய ஸ்டாக்கு" என்றார்.

அடுத்து கப்ளர் வாயை அடைக்கும் பூட்டு. சுத்தியல், கடப்பாரை எதற்கும் அது மசியவில்லை. கடைக்காரர் கையைக் கட்டிக்கொண்டு நிமிர்ந்து நின்றார். அப்போது முனை வீட்டு மெக்கானிக் போய்த் தன் சிறு லாரியைப் பின்னால் எடுத்து வந்தார். கையோடு கொண்டுவந்த சங்கிலியை ட்ரெய்லரின் முன்கம்பத்தில் சுற்றி, மறுமுனையை லாரியில் மாட்டினார். பூட்டைத் தொடவே இல்லை. லாரி நகர்ந்தது. தாய்க்குப் பின்னால் கன்றுக்குட்டி போல ட்ரெய்லர் ஓடியது.

"நிறுத்துப்பா! நெஜமாவே கொண்டு போயிடாத!" என்று அம்மா பின்னாலேயே ஓடினாள்.

கடைசியாகச் சக்கரக் கிடுக்கி. மெக்கானிக்கே முனகினார். சக்கரம் சுற்றாது, இழுத்தால் டயர்தான் தேயும். பரிசு இல்லை என்று முடிவாகும் நேரத்தில் எதிர்வீட்டுக் கணக்கு டீச்சர் புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு முன்னால் வந்தார்.

"எங்கிட்ட ஜாக்கி இருக்கு. யாராவது ஸ்பானர் குடுங்க."

ஜாக்கி வைத்து வண்டியைத் தூக்கினார். சக்கரத்தின் நட்டுகளைக் கழற்றினார். கிடுக்கியோடு சேர்த்துச் சக்கரத்தை உருவி ஓரமாக வைத்தார். பிறகு ட்ரெய்லரின் முன்பக்கத்திலேயே தொங்கிய எங்கள் ஸ்டெப்னியை எடுத்து மாட்டினார். மெக்கானிக் தள்ளினார். வண்டி அடுத்த வீட்டு வாசலில் போய் நின்றது.

தெருவில் ஒரே கைதட்டல். அம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"திருடிட்டுப் போக நாமளே சக்கரமும் குடுத்து அனுப்பறோமே! டீச்சர், நீங்க இவ்வளவு நாள் வெறும் கணக்குதான் சொல்லிக் குடுத்தீங்களா?"

"பஞ்சரான வண்டியோட ரோட்டுல நின்னுருக்கேன்மா. அது கத்துக் குடுத்தது."

அன்று சாயங்காலமே நான் காகிதமும் பென்சிலும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஒரு பூட்டு போதாது. ஒவ்வொன்றும் மற்றதன் ஓட்டையை அடைக்க வேண்டும். நட்டுகளை மறைக்கும் தகடு வைத்த சக்கரப் பூட்டு ஒன்று. கப்ளருக்கு வாயடைப்பு ஒன்று. அச்சைச் சுற்றிப் போகும் கெட்டிச் சங்கிலி. அதைத் தரையில் பதித்த வளையத்தோடு சேர்க்க, கம்பி வெளியே தெரியாத பூட்டு. ஸ்டெப்னி வண்டிக்கு உள்ளே. அப்பா சுவரோரம் குழி வெட்டி, வளையத்தை வைத்து கான்கிரீட் போட்டார். கான்கிரீட் இறுகும்வரை அதன் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். வாட்ச்மேன் உத்தியோகம் வீட்டிலும் தொடர்கிறது என்று அம்மா எல்லோரிடமும் சொன்னாள்.

மூன்று பூட்டுக்கும் ஒரே சாவி இருந்தால் நல்லது என்றாள் அம்மா. கடைக்காரர் அப்படியே செய்து கொடுத்தார். கூடுதல் சாவிகள் கேட்டதற்கும் கொடுத்தார். ஒரு வாரம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது, டைல்ஸ்காரரிடமும் மெக்கானிக்கிடமும் டீச்சரிடமும் ஆளுக்கொன்று இருந்தது.

"என்னம்மா இது! இவ்வளவு பாடுபட்டுப் பூட்டு போட்டு, சாவிய ஊருக்கெல்லாம் குடுத்து வச்சிருக்க?"

"ஊருக்கெல்லாம் எங்கடி குடுத்தேன்? அவங்க மூணு பேரும் சாவியே இல்லன்னாலும் திருடிடுவாங்க. நாமதான் பாத்தோமே. அவங்களுக்குச் சாவி குடுத்தா என்ன, குடுக்காட்டி என்ன?"

"ஒரு சாவி தொலைஞ்சாலும் மூணு பூட்டும் வீண்மா. விளையாட்டில்ல. திருப்பி வாங்கு."

"சரி சரி, வாங்கிடறேன். மூஞ்சிய அப்படி வச்சுக்காத."

வாங்கிவிட்டேன் என்று பிறகு சொன்னாள். அத்தோடு நான் விட்டுவிட்டேன்.

பூட்டுகள் வேலை செய்தன. ஒருநாள் காலையில் கப்ளர் பூட்டின்மேல் புதிய கீறல்கள். கீழே ஒடிந்த ரம்பத் துண்டு ஒன்று கிடந்தது. அம்மாவுக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை. அந்தத் துண்டை வருகிறவர் போகிறவரிடமெல்லாம் காட்டினாள். "நம்மளயும் ஒரு ஆளா மதிச்சு வந்திருக்கான் பாருங்க. வெறுங்கையோட போனான், பாவம்." அந்தத் துண்டு இப்போதும் சமையலறை ஜன்னலில் இருக்கிறது.

அம்மா போனது திடீரென்று. மார்வலி என்று ஆஸ்பத்திரிக்குப் போனவள் திரும்பவில்லை. எப்போதும் இடுப்புச் சுருக்குப் பையில் இருக்கும் ட்ரெய்லர் சாவி ஆஸ்பத்திரியிலேயே எங்கோ தவறிவிட்டது. அதைத் தேட எங்களுக்கு அப்போது தோன்றவும் இல்லை.

தோன்றியது இரண்டு வாரம் கழித்து. அன்று ஜெயித்த இலவசக் கோட்டையை டீச்சர் அதுவரை கேட்கவே இல்லை. பேத்திக்கு ஐந்து வயது முடியட்டும் என்று வைத்திருந்தார். அந்தச் சனிக்கிழமைக்கு அம்மா வாக்குக் கொடுத்திருந்தாள். டீச்சர் வந்து, "இப்ப அதெல்லாம் வேணாம். கொழந்தைக்கு நான் சொல்லிப் புரிய வச்சுக்கறேன்" என்றார்.

அப்பா கேட்கவில்லை. "அவ சொன்னா சொன்னதுதான் டீச்சர். கோட்டை வரும்."

அவர் குரல் அப்படி உறுதியாக இருந்து நான் கேட்டதில்லை. அந்த வாரம் முழுக்க அவர் சொன்ன ஒரே முழு வாக்கியமும் அதுதான். ஆகவே கோட்டை போயே ஆக வேண்டும்.

வீடு முழுக்கத் தேடினோம். அம்மா திருப்பி வாங்கியதாகச் சொன்ன சாவிகளை எங்கே வைத்தாளோ, ஒன்றும் கிடைக்கவில்லை. கடைக்காரர் புதிதாகச் செய்து தர நாள் ஆகும் என்றார். வேறு வழி இல்லை. ஆய்வகத்தில் கேட்டு ஒரு கிரைண்டர் வாங்கி வந்தேன். சனிக்கிழமை காலை, பிள்ளைகள் வருவதற்கு நிறைய நேரம் முன்னால், கண்ணாடி மாட்டிக்கொண்டு ட்ரெய்லர் பக்கத்தில் மண்டியிட்டேன். எத்தனை ஆயிரம் உலோகத் துண்டுகளை அறுத்திருக்கிறேன். இதை அறுக்கக் கை வரவில்லை. அப்பா பக்கத்தில் நின்று, "போடும்மா" என்றார். போட்டேன்.

தீப்பொறி பறந்தது. சங்கிலிப் பூட்டில் ஒரு கோடு விழுந்தது.

"யார்றா அது!"

முதலில் மெக்கானிக் ஓடி வந்தார், கையில் ஸ்பானரோடு. அடுத்து டைல்ஸ்காரர், பாதி சவரமும் கையில் சுத்தியலுமாக. டீச்சர் மாடியிலிருந்து, "விடாதீங்க! பிடிங்க!" என்று கத்தினார். கதவு கதவாகத் திறந்தது. நான் கிரைண்டரை அணைத்துக் கண்ணாடியைக் கழற்றினேன்.

"அட, நம்ம பாப்பா!" டைல்ஸ்காரர் சுத்தியலைக் கீழே இறக்கினார். "ஏம்மா, உன் வண்டிய நீயே ஏன் திருடற?"

"சாவி இல்லண்ணா. தொலைஞ்சுபோச்சு."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு சட்டைப் பையில் கைவிட்டுச் சாவிக்கொத்தை எடுத்தார். அதில் அந்தச் சாவி இருந்தது.

"அம்மா திருப்பி வாங்கலையா?"

"வாங்க வந்தாங்க. டீ குடிச்சிட்டு, நீயே வச்சுக்கப்பா, எம் பொண்ணுகிட்ட மட்டும் சொல்லிடாதன்னுட்டுப் போனாங்க."

"எங்கிட்டயும் அதேதான்" என்றார் மெக்கானிக், தன் சாவியை நீட்டி. டீச்சர் தன்னுடையதைத் தூக்கிக் காட்டிக்கொண்டே படி இறங்கினார். அதோடு முடியவில்லை. தெருக்கோடித் தையல்காரர் ஒன்று கொண்டுவந்தார். மூன்றாவது வீட்டுப் பாட்டு டீச்சர் ஒன்று. பேப்பர் போடுகிறவர் சைக்கிளை நிறுத்தி, "எங்கிட்டயும் ஒண்ணு இருக்கே, வேணுமா?" என்றார்.

நான் அப்பாவைப் பார்த்தேன்.

"எனக்கும் தெரியாதும்மா" என்றார். "நான் வெறும் வாட்ச்மேன்." சொல்லிவிட்டுச் சிரித்தார். அம்மா போன பிறகு அவர் சிரித்தது அப்போதுதான். எனக்கும் சிரிப்பு வந்தது. கூடவே கண்ணும் கலங்கியது. தீப்பொறி பட்டுவிட்டது என்று சொன்னேன். 

பூட்டு வேலை செய்தது. அப்பா அன்று சொன்னபடியே கிரைண்டர் சத்தத்துக்குச் சனம் கூடியது. வந்த ஒவ்வொருவரிடமும் சாவியும் இருந்தது.

கோட்டை போனது. மோட்டாரைப் போட்டதும் மூன்று கோபுரங்கள் நிமிர்ந்தன, நான்காவது வழக்கம்போல் சாய்ந்து நின்றது. டீச்சரின் பேத்தி நேராக அதன்மேல் போய் மோதினாள். அப்பா ஸ்டூலைப் போட்டுச் செருப்புகளுக்குக் காவல் உட்கார்ந்தார். பாதியில் தூங்கிப்போனார். ஒரு செருப்பும் தொலையவில்லை.

திங்கட்கிழமை பூட்டுக் கடைக்குப் போனேன். அம்மாவின் சாவிக்குப் பதில் ஒன்று செய்ய வேண்டும். கடைக்காரர் பூட்டின் எண்ணைக் குறித்துக்கொண்டு, "ஒண்ணு போதும்ல?" என்றார்.

எங்கள் பக்கத்து வீட்டுக்குப் புதிதாக ஒரு குடும்பம் வந்திருக்கிறது. அந்த அம்மாவிடம் இன்னும் சரியாகப் பேசக்கூட இல்லை.

"ரெண்டாப் போடுங்க" என்றேன்.