பாதியில் நின்ற படுகளம்

இதை எழுதணும் என்று நினைத்து எத்தனையோ வருஷம் போய்விட்டது. விளக்கேற்றி, அம்மன் படத்துக்கு முன்னால் உட்கார்ந்து பேனாவை எடுப்பேன். கை ஓடாது. அடித்தவன் என் கூடப் பிறந்த தம்பி. அடி வாங்கியவர் என் கழுத்தில் தாலி கட்டியவர். ஒருத்தருக்கு நியாயமாக ஒரு வரி எழுதினால் இன்னொருத்தருக்கு அது துரோகம் மாதிரி தோன்றும். மூடி வைத்துவிடுவேன். இப்போது ரெண்டு பேரும் இல்லை. நேரில் பார்க்காதவர்கள் ஆளுக்கொரு கதை கட்டிக்கொண்டிருக்கிறார்கள். போன ஆடி மாசம் கோயிலில் பக்கத்தில் உட்கார்ந்த பெண், "அந்தக் காலத்துல இங்க பீமன் வேஷக்காரன் துரியோதனன் வேஷக்காரனைக் கத்தியால குத்தினானாமே" என்று என்னிடமே கேட்டாள். நான் படித்தது அஞ்சாவது வரைதான். எழுத்தில் பிழை இருந்தால் அம்மன் பொறுக்கட்டும், சொல்வதில் பிழை வராமல் அவளே பார்த்துக்கொள்ளட்டும்.

திருமழிசையிலிருந்து பூந்தமல்லி போகிற ரோட்டை விட்டு உள்ளே தள்ளி எங்கள் ஊர். ரெண்டே தெரு. மேட்டுத் தெரு நான் பிறந்தது. ஏரிக்கரைத் தெரு நான் வாழ்க்கைப்பட்டது. ஏரி மதகை யார் முதலில் திறக்கிறது என்று ரெண்டு தெருவுக்கும் வருஷா வருஷம் சண்டை. வாய்ச்சண்டை சில வருஷம் மண்வெட்டிச் சண்டையாகும். ஆனால் கூத்து என்று வந்தால் ஊருக்கு ஒரே ஜமாதான். ஜமா என்றால் கூத்து ஆடுகிறவர்கள், ஆர்மோனியம், மத்தளம் எல்லாம் சேர்ந்த கம்பெனி. எங்கள் ஜமாவுக்குக் காட்டுப்பாக்கம் வரைக்கும் பேர். திரௌபதி அம்மன் திருவிழா வைக்கிற ஊர்க்காரர்கள் வெற்றிலை பாக்கோடு வந்து, ஜமாவை நடத்துகிற வாத்தியார் வாசலில் நிற்பார்கள்.

என் வீட்டுக்காரருக்குத் துரியோதனன் வேஷம். ஏர் ஓட்டுகிற உடம்பு, சிரித்தால் மண்டபம் அதிரும். என் தம்பிக்குப் பீமன் வேஷம். அவன் பஸ் பிடித்து மண்ணூர்பேட்டையில் ஒரு கடைசல் பட்டறைக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தான். அதே பட்டறையில் வேலை பார்த்த எங்கள் ஏரிக்கரைத் தெருக்காரர் ஒருத்தர் பாஞ்சாலி வேஷம் கட்டுவார். டோப்பா வைக்க மாட்டார். அம்மனுக்கு வேண்டிக்கொண்டு சொந்த முடியே இடுப்பு வரைக்கும் வளர்த்திருந்தார். சின்னவர் பெரியவர் எல்லோரும் அவரை 'அம்மா' என்றுதான் கூப்பிடுவோம். அவருக்குப் பெண்டாட்டி, பிள்ளைகள் எல்லாம் இருந்தார்கள். அவர்களும் சில சமயம் வாய் தவறி அப்படியே கூப்பிடுவார்கள்.

படுகளம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பாரதக் கூத்தின் கடைசி நாள் காலையில், வெயில் ஏறுகிற நேரத்தில் நடக்கிறது அது. கோயிலுக்கு முன்னால் ஏரி மண்ணால் துரியோதனனை மல்லாக்கப் படுத்த மாதிரி பெரிசாகச் செய்வார்கள். அவன் தொடைக்குள் குங்குமத் தண்ணீர் நிரப்பிய பானையைப் புதைப்பார்கள். வேஷம் கட்டிய துரியோதனன் மண் உடம்பின் மேல் ஏறி நின்று கொக்கரிப்பான். பீமன் கதையால் மண் தொடையில் அடிக்க, பானை உடைந்து சிவப்பாகப் பீறிடும். அதைத் தொட்டுத்தான் பாஞ்சாலி விரித்த கூந்தலை முடிவாள். கூந்தல் முடிந்தால் பாரதம் முடிந்தது, ஊருக்கு மழை உண்டு. முடியாவிட்டால் யுத்தம் முடியவில்லை என்று அர்த்தம்.

அந்த அடி விழுந்ததற்கு முந்தின வருஷம் ஒரு கூத்து நடந்தது. என் வீட்டுக்காரர் மண் தொடை மேல் ஓங்கிக் குதித்ததில், பீமன் கிட்டே வருவதற்கு முன்னாலேயே பானை விரிசல் விட்டுச் சிவப்புத் தண்ணீர் ஒழுகிவிட்டது. மேட்டுத் தெரு பையன்கள் விடுவார்களா?

"டேய், பீமனைப் பார்த்ததும் துரியோதனன் ஒண்ணுக்குப் போயிட்டான்டா!"

ஊரே உருண்டு சிரித்தது. நானும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டுதான் சிரித்தேன். அவர் மட்டும் சிரிக்கவில்லை. அந்த வருஷம் முழுக்க மதகுப் பக்கம் போனால்கூட அந்தப் பேச்சுதான். ஒத்திகையில் என் தம்பியும் சும்மா இருக்க மாட்டான்.

"இன்னா மாமா, இந்த வருசமாச்சும் தாங்குமா?"

"தாங்கும் மச்சான். உன் கை எண்ணெயில வழுக்காம கீதான்னு நீ பாரு."

அடுத்த திருவிழாவில் பானை வைக்கிற வேலையை அவரே எடுத்துக்கொண்டார். நான் கஞ்சி கொண்டுபோனபோது பார்த்தேன். முழங்கை வரைக்கும் கை உள்ளே போகிற ஆழத்தில் வைத்து, மேலே மண்ணைப் போட்டு மண்வெட்டியின் பின்புறத்தால் மொத்து மொத்தென்று மொத்திக்கொண்டிருந்தார்.

"இன்னாங்க, இவ்ளோ ஆழமா வெச்சா ஒடையுமா?" என்றேன்.

"உன் தம்பி கை மேல அவ்ளோதான் நம்பிக்கையா உனுக்கு?" என்று சிரித்தார். ஏரி மண் வெயிலில் காய்ந்தால் செங்கல் மாதிரி இறுகும். அது அவருக்குத் தெரியாதது இல்லை. போன வருஷத்துச் சிரிப்பு அவர் காதை அடைத்திருந்தது.

படுகளம் தொடங்கியது. பாஞ்சாலி வேஷத்தில் அம்மா கூந்தலை விரித்துப்போட்டு, கையை நீட்டி ரத்தம் கேட்டுப் பாடிக்கொண்டு நின்றார். என் தம்பி முதல் அடி போட்டான். புழுதிதான் பறந்தது. ரெண்டாவது அடிக்கு மண் ஒரு சில்லு பெயர்ந்தது. மூன்றாவதுக்கும் அப்படித்தான். மண் உடம்பின் மார்பில் நின்ற என் வீட்டுக்காரர் துரியோதனனாகவே சிரித்தார். அந்தச் சிரிப்பை வேஷம் என்று நினைத்தவர்கள் பாதி, வேறு மாதிரி நினைத்தவர்கள் பாதி.

"மிசின்கார பீமனுக்குக் கையில ஒண்ணும் இல்லடா!" என்று எங்கள் தெருப் பக்கமிருந்து ஒரு குரல்.

"ரத்தம் எங்கடா? மண்ணை வுட்டுட்டு ஆளை அடிடா!" என்று மேட்டுத் தெருப் பக்கமிருந்து.

மத்தளம் வேகம் கூடியது. என் தம்பியின் கண் மேலே சொருகியது. ஆவேசம் வந்தவனுக்கு மாமா ஏது, மச்சான் ஏது? கதையைத் தூக்கினான். அது லேசான கல்யாண முருங்கைக் கட்டையில் செய்ததுதான், ஆனால் சுற்றிலும் இரும்புப் பட்டை அடித்தது. என் வீட்டுக்காரரின் வலது தொடையில் இறங்கியது. விறகு பிளக்கிற சத்தம். இன்றைக்கும் யாராவது விறகு பிளந்தால் நான் வீட்டுக்குள் போய்விடுவேன்.

கிரீடம் ஒரு பக்கம் உருண்டது. எலும்பு தோலைக் கிழித்து வெளியே நின்றது. முகத்தில் பூசிய சிவப்பும் தொடையில் வழிந்த சிவப்பும் ஒன்றாக, எது அரிதாரம் எது ரத்தம் என்று தெரியாமல் கிடந்தார். என் தம்பி கதையைப் போட்டுவிட்டு, "மாமா, மாமா" என்று மண்ணில் விழுந்தான். அந்த நேரத்திலும் கூட்டத்தில் ஒருத்தன் கத்தினான்.

"ரத்தம் வந்துடுச்சி! முடிம்மா கூந்தலை!"

அம்மா ரெண்டு எட்டு பின்னால் போனார். "பாவிங்களா! இது மனுச ரத்தம்டா! இதைத் தொட்டு முடிஞ்சா அவ எரிச்சிடுவாடா!" என்று அலறிக்கொண்டு விரித்த தலையோடு கோயிலுக்குள் ஓடினார். பூசாரி கதவைச் சாத்தினார்.

அதற்கப்புறம் ரெண்டு தெருவும் மோதிக்கொண்டது. பந்தல் மூங்கிலைப் பிடுங்கினார்கள். அரிவாள் எங்கேயிருந்து வந்ததோ. எங்கள் தெருக்காரர் ஒருத்தருக்குக் காது அறுந்து தொங்கியது. என் அப்பா தலையில் மூங்கில் விழுந்து மூக்கு வழியாக ரத்தம் ஊற்றியது. ஆர்மோனியத்தைத் தூக்கி ஒருத்தன் மேல் போட்டார்கள், அது கத்திக்கொண்டே உடைந்தது. நான் என் வீட்டுக்காரர் மேல் கவிழ்ந்து படுத்துக்கொண்டேன். முதுகில் எத்தனை மிதி விழுந்தது என்று எனக்குத் தெரியாது.

மாட்டு வண்டியில் போட்டுப் பூந்தமல்லிக்கும், அங்கேயிருந்து பட்டணத்து ஆஸ்பத்திரிக்கும் கொண்டுபோனோம். உயிர் நின்றது. எலும்பு குட்டையாகக் கூடியது.

வாத்தியார் கிரீடம், தோளில் கட்டுகிற புஜக்கட்டை எல்லாவற்றையும் பெட்டியில் போட்டுக் கோயிலில் வைத்துப் பூட்டினார். வெளியூரிலிருந்து யாரும் வெற்றிலை பாக்கு கொண்டுவரவில்லை. பாரதத்தைப் பாதியில் விட்ட ஜமா எந்த ஊரில் கால் வைத்தாலும் அங்கே சண்டை வரும் என்று பேச்சு. மண் துரியோதனனை யாரும் கலைக்கவில்லை. சாகாமலே மழையில் கரைந்தான், மேலே புல் முளைத்தது.

சண்டை மட்டும் வருஷக்கணக்கில் கரையவில்லை. மேட்டுத் தெரு வைக்கோல் போர் எரிந்தது. எங்கள் மாமரங்கள் வெட்டுப்பட்டன. பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டில் என் தம்பியை முதுகில் கீறினார்கள். "பானை ஆழமா இருந்துச்சு, அதான் காரணம்" என்று ரெண்டு தெருவிலும் நான் சொல்லிப் பார்த்தேன். "தம்பிக்காகப் பேசறா" என்று இவர்கள் சொன்னார்கள், "புருசன் சொல்லி அனுப்பிச்சிக்கிறான்" என்று அவர்கள் சொன்னார்கள். சொல்ல வேண்டியவர் கயிற்றுக் கட்டிலில் படுத்து மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "நீங்க ஒரு வார்த்த சொன்னா போதுமே" என்றால் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வார். என் அம்மா செத்தபோது மேட்டுத் தெரு முனையில் தடியோடு நின்று என்னைத் தடுத்தார்கள். தூரத்தில் பாடை போவதைப் பார்த்து வாயில் அடித்துக்கொண்டேன்.

இத்தனையிலும் பாஞ்சாலி வேஷக்கார அம்மா தலையை முடியவே இல்லை. வெட்டவும் இல்லை. "படுகளம் முடியாம இதை நான் முடியக்கூடாது" என்று சொல்லிவிட்டார். பட்டறைக்குத் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு போவார். கடைசல் மிசினில் நிற்கிறவர். ஒரு நாள் துண்டு நழுவியது. பெல்ட்டு முடியை இழுத்துக்கொண்டது. தோலோடு பாதித் தலை உரிந்துவிட்டது. பக்கத்து மிசினில் இருந்தவன் என் தம்பி. ஓடிப்போய் மோட்டாரை நிறுத்தி, மிச்ச முடியைக் கத்தியால் அறுத்து, அவரை மார்போடு அணைத்துத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு ஓடினானாம்.

ஆஸ்பத்திரிக்கு நாங்கள் போனபோது என் தம்பி கட்டில் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான். சட்டையெல்லாம் காய்ந்த ரத்தம். என் வீட்டுக்காரர் கோலை ஊன்றிக்கொண்டு இந்தப் பக்கம் நின்றார். ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்க்கவில்லை. நடுவில் கட்டு போட்ட தலையோடு அம்மா கிடந்தார்.

"பாதி முடி போச்சுடா. அம்மன் கேட்ட ரத்தம் வந்துகினேதான் கீது, ஆனா அவ முடிஞ்சிக்க மாட்டேன்றா. மீதி முடியும் போறதுக்குள்ள படுகளத்தை முடிச்சி வுடுங்கடா."

"நான் கதையத் தொடமாட்டேன்மா," என்றான் என் தம்பி.

என் வீட்டுக்காரர் கோலை ஊன்றி வெளியே நடந்தார். திரும்பி வருகிற பஸ்ஸில், "அவன் மேல தப்பில்லடி" என்றார். அவ்வளவுதான். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அடுத்த பங்குனியில் வாத்தியார் பெட்டியைத் திறந்தார். கிரீடத்தில் கரையான். புஜக்கட்டை ஒன்றுதான் மிச்சம். "கொடியேத்தம் வேணாம், பதினெட்டு நாள் கூத்தும் வேணாம். எங்க வுட்டமோ அங்கயே எடுப்போம்" என்றார். புல் முளைத்த அதே இடத்தில் மண் உடம்பு செய்தார்கள். ரெண்டு பக்கமும் போலீஸ்காரர்கள் நின்றார்கள். எனக்கு உயிர் கையில் இல்லை. இந்தத் தடவையும் அடி தவறினால் புருஷனோ தம்பியோ, ஒருத்தரைப் பிணமாகத்தான் பார்ப்பேன் என்று தெரியும். மடியில் குங்குமத்தைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

என் வீட்டுக்காரர் வேஷத்தோடு நொண்டிக்கொண்டு வந்தார். பானையைத் தலைக்கு மேல் தூக்கி ரெண்டு தெருவுக்கும் காட்டினார். எல்லோரும் பார்க்க, விரல் ஆழத்தில் வைத்து மண்ணைப் பூசினார். அப்புறம் துரியோதனன் குரலில் இல்லை, தன் குரலிலேயே சொன்னார்.

"அன்னிக்கு முழங்கை ஆழத்துல வெச்சது நான்தான். சிரிச்சீங்கன்னு வெச்சேன். என் மச்சான் மேல தப்பில்ல."

அப்புறம் எங்கள் தெருவிலிருந்தே ஒரு கல் பறந்து வந்தது. "இதைச் சொல்ல இத்தினி வருசமாடா? இதுக்காடா என் அண்ணன் காது போச்சு?" கல் அவர் நெற்றியைப் பிளந்தது. அவர் துடைக்கவில்லை, நகரவும் இல்லை. இன்னொரு கல் வந்தது. கூட்டம் அலை மாதிரி முன்னால் வந்தது. போலீஸ்காரர் விசிலை எடுத்தார்.

அப்போதுதான் என் தம்பி கதையை எடுத்தான். தொடமாட்டேன் என்றவன் தூக்கிக்கொண்டு கூட்டத்துக்கும் மாமாவுக்கும் நடுவில் வந்து நின்றான். கை ஓங்கியிருந்தது. யார் மேல் இறங்கப்போகிறது என்று யாருக்கும் தெரியாது. எனக்கும் தெரியாது. "தாயே" என்று கத்தினேன். அவன் திரும்பி மண் தொடையில் போட்டான். பானை உடைந்து சிவப்பு அவன் முகம் வரைக்கும் பீறியது.

அம்மா வந்தார். ஒரு பக்கம் தழும்பு, ஒரு பக்கம் முடி. அந்தக் குங்குமத் தண்ணீரைத் தொட்டு, இருந்த பாதியை இழுத்து முடிந்தார். குலவை எழும்பியது. என் வீட்டுக்காரர் முறைப்படி விழ வேண்டும். ஊனக் காலோடு அப்படியே சாய்ந்தார். என் தம்பி முறையை மறந்து அவர் பக்கத்தில் மண்டி போட்டுவிட்டான். பல்லைக் கடித்துக்கொண்டு அவர் சொன்னது பக்கத்தில் நின்ற எனக்குக் கேட்டது.

"எய்ந்துருடா மச்சான். பீமன் உக்காரக் கூடாது. ஆட்டம் இன்னும் கீது."

அவன் எழுந்து ஆடினான்.

அந்த ஆடியிலேயே காட்டுப்பாக்கம் பக்கத்திலிருந்து வெற்றிலை பாக்கு வந்தது. ஜமா மறுபடி கிளம்பியது. எல்லாம் சரியாகிவிட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். காது போனவர் சாகிற வரைக்கும் கூத்துப் பார்க்க வரவில்லை. அவர் வராததும் நியாயம்தான். மழைக்காலத்தில் என் வீட்டுக்காரர் தொடையைப் பிடித்துக்கொண்டு கத்துவார். என் தம்பி எண்ணெய் கொண்டுவந்து தேய்த்துவிடுவான்.

இதைப் படிக்கிறவர்கள் வேறு யாருக்காவது சொன்னால் இப்படியே சொல்லுங்கள், உங்களுக்குப் புண்ணியமாகப் போகும். அடி விழுந்ததைச் சொன்னால் பானை இருந்த ஆழத்தையும் சொல்லுங்கள். கத்தி என்று சேர்க்காதீர்கள், கல்லை விட்டுவிடாதீர்கள். என் தம்பியை உசத்த வேண்டாம், என் வீட்டுக்காரரைக் காப்பாற்ற வேண்டாம். அவரே ஊர் நடுவில் நின்று சொல்லிவிட்டார். அதை யாரும் மாற்றிச் சொல்லிவிடக் கூடாது, அவ்வளவுதான்.