பாடி பத்திரம்

தாம்பரம் ஸ்டேஷனில் மதிய வெயில். பாஞ்சோ, மாண்டலின், ஃபிடில் என்று அமெரிக்க நாட்டுப்புற இசையில் ஜாஸைக் கலந்து வாசிக்கிற ஐந்து பேர் நாங்கள். பொத்தேரியில் ஒரு கல்லூரிக்குப் போகிறோம். என் ஆளுயரக் கம்பி வாத்தியமான டபுள் பேஸ் கறுப்பு மரப்பெட்டிக்குள் கிடக்கிறது.

“மச்சான், பாடி பத்திரம்டா!” என்று கத்திக்கொண்டே பெட்டியைப் பிளாட்பாரத்தில் இறக்குகிறேன்.

அதைக் கேட்டு, அங்கே உட்கார்ந்திருந்த பூக்காரம்மா எழுந்து வந்து பெட்டிமேல் ஒரு முழம் சாமந்தியை வைக்கிறார். “சின்ன வயசா சார்?”

“ஐயோ, இது வாத்தியம்க்கா.”

கூட்ஸ் வண்டி ஒன்று தடதடத்துக் கடக்கிறது. அது போன பிறகும் பெட்டிக்குள் ஒரு முனகல் அடங்காமல் கேட்கிறது.

அவர் பெட்டியில் காதை வைக்கிறார். “உயிர் கீது சார். தொறங்க!”

“கம்பி அதிருதுக்கா, அவ்ளோதான்,” என்கிறான் ஃபிடில்காரன்.

பழைய கம்பிகள் எல்லாவற்றையும் நான் காலையில்தான் கழற்றினேன். புதியவை இன்னும் என் பையில் இருக்கின்றன.