துண்டில் கட்டிய பரிவட்டம்

துபாய்க்குப் பக்கத்தில் அஜ்மானில் எங்கள் ரூமில் ஏசிக்கு நேர் கீழே இருந்த கட்டில் எங்கள் ஃபோர்மேனுடையது. ரூமுக்கு முதலில் வந்தவர் என்பதால் அது தன் உரிமை என்பார். மையடித்த மீசை, தொப்பை, தோளில் எந்நேரமும் ஒரு ஈரத்துண்டு. புதிதாக யாராவது பெட்டியோடு வந்தால், அவன் தண்ணீர் குடிப்பதற்குள் தன் ஊர் வரலாற்றை ஆரம்பித்துவிடுவார்.

தாமிரபரணிக் கரையில் காடு வெட்டி அந்த ஊரை உண்டாக்கியதே அவர் முன்னோர்தானாம். அதனால் கோயில் கொடைத் திருவிழாவில் முதல் மரியாதை இன்றும் அவர் குடும்பத்துக்குத்தான். சொல்லும்போதே துண்டை எடுத்துப் பரிவட்டம் போலத் தலையில் கட்டிக்கொள்வார். கீழே அழுக்கு லுங்கி.

ஒரு வெள்ளிக்கிழமை மதியம் மறுபடியும் ஆரம்பித்தார்.

"எங்காளுங்க வந்து எறங்கும்போது அந்தக் கரையில ஒரு மனுசன் கெடையாது வே."

"ஆத்தை எப்படித் தாண்டுனாங்க அண்ணாச்சி?" என்று கேட்டேன்.

"ஓடக்காரனுவ கொண்டாந்து விட்டானுவ."

"அவங்க எங்க இருந்தாங்க?"

"எங்காளுங்க எறங்குன அதே கரையிலதான் குடிசை போட்டுக் கெடந்தானுவ."

"அப்போ முதல்ல வந்தது அவங்கதானே?"

"அவனுவளையெல்லாம் கணக்குல சேப்பாவளா வே?" என்றார், என் அறியாமைக்கு இரங்கி.

முந்தின நாள்தான் எங்கள் மேனேஜர், நாங்கள் கட்டி முடித்த கட்டடத்தைப் பார்க்க வந்த விருந்தினர்களிடம், "இந்தக் கட்டடத்தை நான் கட்டினேன்" என்று சொல்லியிருந்தார். "பக்கத்துல நின்ன நம்மள மனுசனாவே மதிக்கல பாத்தீரா" என்று சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டுப் புலம்பியதும் இதே வாய்தான்.

இரண்டையும் அந்த ஒரே துண்டுக்குக் கீழே எப்படி வைத்திருந்தார் என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.