மோட்டார் ரூம் பூட்டு

என் கோபம் ஊரறிந்தது. மோட்டார் ஓடாவிட்டாலும் கத்துவேன், குழம்பில் உப்பு கூடினாலும் கத்துவேன். ஆனால் அன்று காலையில் வந்தது வேறு கோபம்.

பதினோராம் வகுப்புப் படிக்கும் என் மகள், யாரிடமும் சொல்லாமல் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு போய், பால் ஊற்றிவிட்டு வந்த ஓர் அம்மாவை இடித்துத் தள்ளியிருக்கிறாள். அந்தம்மா ரோட்டில் கிடந்து கத்த, இவள் நிற்காமல் வந்துவிட்டாள். வண்டியைத் திராட்சைத் தோட்டத்துப் பந்தலுக்கு அடியில் ஒளித்துவிட்டு, ஒன்றுமே நடக்காத மாதிரி இட்லி தின்றுகொண்டிருந்தாள். பார்த்தவர்கள் போன் செய்துதான் எனக்கு விஷயமே தெரிந்தது.

"அங்கன அவுக கால் ஒடிஞ்சு கெடக்காக. நீ இங்கன இட்லி திங்கிறயா?" என்று தட்டைப் பிடுங்கினேன்.

"பயந்துட்டேன்ப்பா."

"இனிமேத்தான் இருக்கு ஒனக்குப் பயம்!"

கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய், தோட்டத்துக் கிணற்று மோட்டார் ரூமில் தள்ளிப் பூட்டினேன். "ஒன்னைய மாதிரி ஒரு பிள்ளை இருக்கதுக்கு, நீ இல்லாமலே போயிருக்கலாம்" என்று வெளியே நின்று கத்தினேன்.

ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வீட்டுக்கு வந்தால், ரேஷன் கடைக்குப் போயிருந்த என் மனைவி திரும்பியிருந்தாள்.

"பிள்ளை எங்கன?"

"மோட்டார் ரூம்ல பூட்டியிருக்கேன். சாயந்தரம் வரைக்கும் கெடக்கட்டும்."

"அய்யோ, மருந்தெல்லாம் அங்கனதான வச்சிருக்கீக?"

திராட்சைக்கு அடிக்கும் பூச்சிமருந்தை நாங்கள் வீட்டில் வைப்பதில்லை. மகள் தவழத் தொடங்கியபோது, அவள் கைக்கு எட்டக்கூடாதென்று நானே வாங்கி மாட்டிய பூட்டு அது. அதே பூட்டைப் போட்டு அவளை மருந்தோடு அடைத்துவிட்டு வந்திருக்கிறேன், பாவி.

ஓடினேன். வாய்க்கால் கரையில் செருப்பு கழன்றது. தூரத்திலிருந்தே அவள் பேரைச் சொல்லிக் கத்தினேன், பதில் இல்லை. எங்கள் பக்கத்தில் மருந்தைக் குடித்துச் செத்துப்போன பிள்ளைகளின் முகமெல்லாம் வரிசையாக வந்தது. சாவி பூட்டுக்குள் நுழையவே மாட்டேன் என்றது.

மூலையில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மருந்துப் பலகை காலியாக இருந்தது.

"ஆத்தா, வாயத் தொற! தொற!" தாடையைப் பிடித்து மோந்து பார்த்தேன். சட்னி வாசம்தான் வந்தது.

"குடிக்கலப்பா. எல்லாத்தையும் ஜன்னல் வழியா வெளிய போட்டுட்டேன்."

"ஏன்த்தா?"

"நீங்க சொன்னதையே நெனச்சுக்கிட்டிருந்தேன். அதுகளப் பாக்கப் பாக்க, எனக்கே என்னைய நெனச்சுப் பயமாயிருச்சு."

அந்தச் சிமெண்ட் தரையிலேயே உட்கார்ந்து அழுதேன். அவள்தான், "ஆஸ்பத்திரிக்குப் போவோம்ப்பா" என்றாள்.

ஆஸ்பத்திரியில் அந்தம்மாவின் கட்டிலருகே நின்று, "நான்தான் இடிச்சேன். நிக்காமப் போனதும் நான்தான்" என்று சொன்னாள். அந்தம்மா திட்டித் தீர்த்துவிட்டார். என் மகள் தலை குனிந்து அத்தனையும் கேட்டுக்கொண்டாள். ஊரே அறிந்த கோபக்காரன் நான், அவள் கையைப் பிடித்துக்கொண்டு வாய் திறக்காமல் நின்றேன்.