பாட்டு நின்ற காட்சி

துபாயில் ஓபரா இயக்கினேன் என்று சொன்னால் ஊரில் யாரும் நம்புவதில்லை. வசனமே இல்லாமல் முழுக்கப் பாட்டாகவே நடக்கும் மேற்கத்திய நாடகம் அது. வேலைக்கு வந்த இடத்தில் பாட்டை விடமுடியாத பல நாட்டுக்காரர்கள் சேர்ந்து ஒரு குழு வைத்திருந்தார்கள். நாடகம் படித்துவிட்டு விளம்பரக் கம்பெனியில் இருந்த என்னை இயக்குவதற்குக் கூப்பிட்டார்கள். பாடகர்களுக்கு மேடையில் கையை எங்கே வைப்பதென்று தெரியாது. கண் எப்போதும் வாத்தியக் குழுவை நடத்துபவரின் கோல்மீதே இருக்கும். அந்தக் கண்ணை எதிரில் நிற்பவர் பக்கம் திருப்புவதுதான் என் வேலை. அதில் நான் கெட்டிக்காரன்.

குழுவில் யாழ்ப்பாணத்துப் பெண் ஒருவர் இருந்தார். மருத்துவமனையில் நர்ஸ், தேவாலயத்தில் பாடி வளர்ந்த குரல். இறந்த தாயின் அருகே மகள் பாடும் காட்சி அவருக்கு. அழகாகப் பாடினார். எனக்குப் போதவில்லை. ஊரில் அவருடைய அம்மா இறந்தபோது லீவு கிடைக்காமல், அடக்கத்தை ரூமில் உட்கார்ந்து போனில் பார்த்தவர் என்று கேள்விப்பட்டிருந்தேன். அதை நினைத்துக்கொண்டு பாடச் சொன்னேன்.

"அழுதா தொண்டை இறுகிப் போகும் சேர். பிறகு பாட ஏலாது."

"பாட்டு உடைஞ்சா உடையட்டும்மா. எனக்கு அந்த அழுகைதான் வேணும்."

நாடக நடிகர் விம்மலுக்காக வசனத்தை நிறுத்தலாம், எதிரில் இருப்பவர் காத்திருப்பார். ஓபராவில் வாத்தியம் காத்திருக்காது. இது தெரியாதவனல்ல நான். இருந்தும் ஒத்திகைக்கு ஒத்திகை அந்தப் போனை, சவப்பெட்டியை, நடுவில் போனில் படம் உறைந்து நின்ற நேரத்தைக் கேட்டுக் கேட்டு வாங்கினேன்.

மேடையேறிய அன்று முதல் அடி பாடினார். அடுத்த அடிக்கு வாய் திறந்தார், குரல் வரவில்லை. அவர் பாடவேண்டிய மெட்டை விட்டுவிட்டு வாத்தியங்கள் மட்டும் போய்க்கொண்டே இருந்தன. விளக்கு அணைந்ததும் அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது. மேடைக்குப் பின்னால் வந்த ஒருவர் என் கையைப் பிடித்து, அந்த இடத்தில் மௌனத்தை வைக்க உங்களுக்கு எப்படித் தோன்றியது என்று கேட்டார். நன்றி என்று சொன்னேன். பக்கத்தில் அந்தப் பெண் முகத்தைத் துடைத்துக்கொண்டு நின்றிருந்தார். அதன்பின் அவர் குழுவுக்கு வரவில்லை. நான் போன் செய்யவும் இல்லை.

அது நடந்து பல வருஷமாகிவிட்டது. மனைவி இறந்துவிட்டாள். மகன் அபுதாபியில். அவன் எடுத்துக்கொடுத்த விசாவில் துபாயிலேயே கராமா பகுதியில் தனியாக இருக்கிறேன். சாயங்காலங்களில் ஏதாவது ஒரு பஸ்ஸில் ஏறிச் சுற்றிவிட்டு வருவேன். போன மாதம் பஸ் நிறுத்தத்தில் அந்த யாழ்ப்பாணத்துப் பெண்ணைப் பார்த்தேன். மன்னிப்புக் கேட்க நினைத்து, இப்போதும் பாடுகிறீர்களா என்று கேட்டுவைத்தேன்.

"மாதா கோயில்ல பாடுறன் சேர். குரலுக்கு ஒண்டுமில்ல." பிறகு சொன்னார்: "அம்மாவை நினைச்சா உங்கட மேடைதான் கண்ணுக்குள்ள வருகுது. அண்டைக்குப் போன்ல பாத்த அம்மாட முகம் வருகுதில்ல."

குரலில் கோபமில்லை. பஸ் வந்தது. பெண்களுக்கான முன்பகுதியில் ஏறி உட்கார்ந்தார். எனக்கும் அதே பஸ்தான். நான் ஏறவில்லை.