முன்னால் தொங்கிய நாலு கண்ணி

பெரில் காட்டரிலைக் கோபக்காரி என்று இங்கிலாந்தின் ஹிங்க்லி ஊரில் யாரும் சொல்லமாட்டார்கள். அவள் கோபம் வாய்வழியாக வராது, கைவழியாக வரும். காலுறை ஆலையில் முப்பத்தொரு வருஷம் அப்படித்தான் ஓட்டினாள். காலுறையின் விரல்முனையை மூடுவது அவள் வேலை. ஒவ்வொரு நூல்கண்ணியையும் அதற்குரிய ஊசியில் மாட்டவேண்டும், ஒன்று தவறினாலும் ஓட்டை விழும். மேற்பார்வையாளர் கத்திய நாட்களில் அவள் பதிலே பேசாமல் நாலு டஜன் கூடுதலாக மூடிவைத்துவிட்டு வீட்டுக்குக் கிளம்புவாள். மறுநாள் அந்த ஆள் அவள் முகத்தைப் பார்க்கமாட்டார்.

ஆலையை மூடியபிறகு பள்ளிச் சமையலறைக்குப் போனாள். கணவன் டெரிக் ஓய்வு பெற்றபோது, பொழுது போகட்டும் என்று துண்டுகளை ஒட்டிச் செய்யும் ஒரு மாடல் ராணுவ டாங்கிப் பெட்டி வாங்கிக் கொடுத்தாள். டெரிக் இரண்டு சக்கரங்களை ஒட்டினான், மூன்றாவதைத் தன் கட்டைவிரலில் ஒட்டிக்கொண்டான், அதோடு தோட்டத்துப் பக்கம் போனவன் அந்தப் பெட்டிப் பக்கமே திரும்பவில்லை. அரைகுறையாகக் கிடந்ததைப் பார்த்துக்கொண்டிருக்க பெரிலால் முடியவில்லை. மிச்சத்தை அவளே ஒட்டினாள். அப்படித்தான் அறுபது வயதில் இந்தப் பைத்தியம் பிடித்தது.

ஊரின் மாடல் கிளப் செவ்வாய்க்கிழமைகளில் மதுக்கடை மாடியில் கூடும். பதினாலு ஆண்கள், அவள் ஒருத்தி. தலைவர் நைஜல். எந்த டாங்கியில் எத்தனை ஆணி என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லக்கூடிய ஆள், கேட்காவிட்டாலும் சொல்வான். போன வருஷக் கண்காட்சியில் பெரில் தன் டாங்கியைக் கொண்டுபோய் வைத்தபோது, அவன் குனிந்து பார்த்தான், பேனாவை எடுத்தான், சக்கரங்களைச் சுற்றி ஓடும் சங்கிலிப் பட்டையைத் தட்டிக் காட்டினான். அந்தப் பட்டையை அவர்கள் ட்ராக் என்பார்கள். வலது ட்ராக்கைப் பெரில் பின்முன்னாக மாட்டியிருந்தாள்.

"பெரில்ம்மா, உங்க டாங்கிக்கு எடது காலு கடைக்குப் போவுது, வலது காலு வீட்டுக்குத் திரும்புது," என்றான் நைஜல். எல்லோரும் சிரித்தார்கள். பிறகு அந்த டாங்கியைத் தூக்கிக் கிளப் மேஜையின் கடைக்கோடியில், டீக் கெட்டில் பக்கத்தில் வைத்தான். நாள் முழுக்க அதன் தலைக்கு மேலேதான் சர்க்கரை கைமாறியது. அவளுக்கு அழுகையே வந்தது, அதை அடக்கிக்கொண்டு பிஸ்கட் தட்டை நேராக்கினாள்.

கிளப்பில் ஒரு வழக்கம் உண்டு. போட்டியில் முதல் பரிசு வாங்கிய மாடல்தான் சாயங்காலம் வரை கிளப் மேஜையின் முன்வரிசை நடுவில் நிற்கும். ஆறு வருஷமாக அந்த இடம் நைஜலுடையது. பெரிலுக்கு அந்த இடம் வேண்டும். வேறெதுவும் வேண்டாம்.

இந்த முறை பெட்டியோடு வரும் ரப்பர் ட்ராக்கைத் தூக்கி எறிந்துவிட்டு, தனித்தனிக் கண்ணிகளாகக் கோத்தாள். ஒரு பக்கத்துக்கு எழுபத்தெட்டு. இரண்டிரண்டு கண்ணிக்கு நடுவே முடி கனத்தில் ஒரு கம்பி. ஏழு வாரம் ஆயிற்று. எந்தப் பக்கம் முன்பக்கம் என்று தினமும் இரண்டு முறை சரிபார்த்தாள்.

கண்காட்சிக்குப் போகிற ஞாயிறு காலை, பக்கத்து ஊர் சாலையில் ஒரு காட்டுக்கோழி குறுக்கே நடந்தது. டெரிக் பிரேக்கை ஓங்கி மிதித்தான். பின்சீட்டுப் பெட்டி முன்சீட்டில் மோதிக் கீழே விழுந்தது.

"அந்தக் கோழி மேலயே ஏத்தியிருக்கலாம் நீ," என்றாள் பெரில்.

"உசிரு கண்ணு."

"பெட்டிக்குள்ள இருக்கறது மட்டும் என்னவாம்?"

அரங்கத்தில் பெட்டியைத் திறந்தார்கள். வலது ட்ராக் அறுந்து தொங்கியது. ஐந்து கண்ணிகள் நொறுங்கியிருந்தன. மணி பத்து பத்து. பதினொன்றுக்கு மேல் போட்டி மேஜையில் எதையும் வைக்க விடமாட்டார்கள். உதிரிக் கண்ணிகள் வீட்டில், பித்தான் டப்பாவில் பத்திரமாக இருந்தன. டெரிக் போய் ஒரு டீயும் பன்றி இறைச்சி வைத்த ரொட்டியும் வாங்கிவந்து, அவள் தொடாததால் தானே தின்ன ஆரம்பித்தான்.

நைஜல் வந்து எட்டிப் பார்த்தான். அவன் முகத்தில் வருத்தம் இருந்தது, கொஞ்சம் நிம்மதியும் இருந்தது.

"அடடா. வலது காலுக்கும் உங்களுக்கும் ஆகவே ஆகாது போல. விடுங்க பெரில்ம்மா, அடுத்த வருசம் பாத்துக்கலாம். கெட்டில் பக்கத்துல எடம் காலியாத்தான் இருக்கு."

பெரிலின் கோபம் கைக்கு இறங்கிக்கொண்டிருந்தது. டாங்கியை மெல்லத் திருப்பினாள். அப்போதுதான் அதன் நெற்றி கண்ணில் பட்டது. முன்தகட்டில் நாலு கண்ணிகள் வரிசையாக ஒட்டியிருந்தன. ஒட்டியவளும் அவள்தான். சண்டைக்குப் போன டாங்கிக்காரர்கள் உதிரிக் கண்ணிகளை அப்படித்தான் முன்னால் தொங்கவிடுவார்கள். குண்டு வந்தால் தடுக்கும், ட்ராக் அறுந்தால் எடுத்துப் பூட்டலாம். படத்தைப் பார்த்து அழகுக்காக ஒட்டிய சாமான், இப்போது ஆபத்துக்கு உதவ வந்து நின்றது.

கத்தி முனையால் ஒவ்வொன்றாக நெம்பினாள். நாலும் உடையாமல் வந்தன. நொறுங்கிய கண்ணிகளிலிருந்து கம்பிகளை இடுக்கியால் உருவினாள். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினாள், கிட்டத்து வேலைக்கு அவளுக்கு அது தேவையில்லை. ஆலையில் லட்சக்கணக்கான கண்ணிகளைப் பார்த்த விரல்கள் தாமே வேலையைத் தொடங்கின. ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. மாட்டும் முன்பு இடது ட்ராக்கைப் பார்த்தாள், வலதைப் பார்த்தாள், மறுபடி இடதைப் பார்த்தாள்.

"ரெண்டும் கடைக்குத்தான் போவுதா?" என்றான் டெரிக், வாயில் ரொட்டியோடு.

"ரெண்டும் கடைக்குத்தான். நீ வாய மூடு."

இன்னும் ஒரு கண்ணி தேவைப்பட்டது. பின்சக்கரத்தை அவள் ஒட்டாமல், நகரும்படி விட்டிருந்தாள். நிஜ டாங்கியிலும் அதை முன்னே நகர்த்தி, ஒரு கண்ணி குறைவாகவே ட்ராக்கைப் பூட்டிவிடுவார்கள். நகர்த்தினாள், இழுத்தாள், கடைசிக் கம்பி உள்ளே போய் உட்கார்ந்தது. ஏழு வாரமாக இழுத்துப் பிடித்திருந்த மூச்சு அப்போதுதான் வெளியே வந்தது.

நைஜல் இன்னும் போகவில்லை. "அந்த நாலு மட்டும் துருப்புடிச்ச மாதிரி நிக்குது, மத்ததெல்லாம் தேஞ்சு பளபளன்னு இருக்கு. பெயிண்ட் தர்றேன், அடிச்சு மறைங்க. நெத்தியில பாருங்க, எடம் வெறிச்சுன்னு, பசைத் தடம் வேற."

உதவியாகத்தான் சொன்னான், அதில் பொய்யில்லை. பெரில் டாங்கியைப் பார்த்தாள். நெற்றியில் அவள் பூசிய புழுதிச் சாயம் படாத நாலு கட்டம் பச்சையாக இருந்தது.

"வேணாம் நைஜல். தொங்கிக்கிட்டிருந்தது எப்படித் தேயும்? இப்பதான நடக்க ஆரம்பிச்சிருக்கு."

பத்து ஐம்பத்தாறுக்கு டாங்கி போட்டி மேஜையில் நின்றது.

நடுவர் ஹம்ஃப்ரி, டார்ச் விளக்கோடு சுற்றுகிற எண்பது வயசுக்காரர். எதையும் தொடமாட்டார், யாரிடமும் பேசமாட்டார். பெரிலின் டாங்கி அருகே வந்தவர் ட்ராக்கில் வெளிச்சம் அடித்தார். நகர்ந்து நெற்றியில் அடித்தார். மறுபடி ட்ராக்குக்குப் போனார். பிறகு முழங்கால் சத்தம்போடக் குனிந்து, கண்ணிகளை எண்ணினார்.

"இது யாரோடது?"

"என்னோடதுங்க."

"எடது பக்கம் எழுவத்தெட்டு. வலது பக்கம் எழுவத்தேழுதான் இருக்கு, தாயி."

சுற்றி நின்ற பதினாலு பேரும் குனிந்து எண்ண ஆரம்பித்தார்கள்.

"அஞ்சு ஒடைஞ்சுது. கையில நாலுதான் இருந்துச்சு," என்றாள்.

"அந்த நாலும் நெத்தியில இருந்ததா?"

"ஆமாங்க."

ஹம்ஃப்ரி விளக்கை அணைத்தார். "நாப்பது வருசமா நடுவரா இருக்கேன். முன்னால உதிரி தொங்கவிட்டு வர்றவங்க நெறைய. அதுல ஒருத்தராவது அத எடுத்துப் பூட்டிப் பாத்ததில்ல. உன் டாங்கிதான் சண்டைக்குப் போயிட்டு வந்திருக்கு."

மூன்று மணிக்கு முடிவு சொன்னார்கள். முதல் பரிசு பெரில் காட்டரிலுக்கு. டெரிக் கைதட்டியதில் அவன் டீ தரையெல்லாம் கொட்டியது. பெரில் துடைக்கப் போகவில்லை. முப்பத்தொரு வருஷம் மூடிய காலுறைகளில் ஒன்றில்கூட அவள் பெயர் இருந்ததில்லை, இந்தப் பரிசு அட்டையில் இருந்தது. அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, அதை மறைக்கவும் அவள் முயலவில்லை.

கிளப் மேஜைக்குத் திரும்பியபோது, நைஜல் முன்வரிசை நடுவிலிருந்து, போன வருஷம் பரிசு வாங்கிய தன் டாங்கியைத் தூக்கிக்கொண்டிருந்தான். மேஜையில் வேறு இடம் இல்லை. அவன் அதைக் கையில் வைத்துக்கொண்டு கடைக்கோடிக்கு நடந்தான். பெரில் தன்னுடையதை நடுவில் வைத்து, நெற்றி கூட்டத்தைப் பார்க்குமாறு திருப்பினாள்.

"கெட்டிலுக்கு இந்தப் பக்கமா வை, நைஜல்," என்றாள். "அந்தப் பக்கம் சர்க்கரை கொட்டும். எனக்குத் தெரியும்."